எல்லை வரைக்கும்தான் பஸ்

சாத்தூருக்குள்ள போகும் சார். பயப்படாம உக்காருங்க. பைபாஸ்லயே போற வண்டின்னா முன்னாடி போர்டுல போட்டிருக்கும். இது ஊருக்குள்ள போயி பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் போகும். பையக் காலுக்கடியில வச்சுக்கிடுங்க, மேல வச்சா விழுந்துரும், இந்த வண்டியில கம்பி லூசு. எப்படித் தெரியும்னா பாக்கீங்க? நான் இதே ரூட்டுல கண்டக்டரா இருந்தவன் சார். கோவில்பட்டி டெப்போவுல கொம்பையான்னு கேட்டீங்கன்னா சொல்லுவாக. ரிடையராயிட்டேன். ஆனாலும் எவனாவது படியில நின்னா வாயி சும்மா இருக்க மாட்டேங்கு. 'உள்ள போ, உள்ள போ'ன்னு தன்னால வந்துருது. அந்தப் புதுக் கண்டக்டர் என்னைய மொறைக்கான் பாருங்க.

சொந்த ஊரே சாத்தூரா? நல்லதாப் போச்சு. எனக்கும் அங்கதான் சோலி. எங்கக்கா வீடு. வேலுத்தாய்னு பேரு. அவ இப்ப இல்ல சார். கொரோனா வந்த மொத வருசம், ஆடி மாசத்துல போயிட்டா.

அது ஆச்சு சார், வருசம் ஆச்சு. ஆனா எனக்கு இன்னும் ஆறல. நோயி வந்து செத்தா மனுசன் என்ன செய்ய? ஒலகமே செத்துச்சு. அத விட்டுத் தள்ளுங்க. கூடப் பெறந்தவள ஒரு தடவ போயிப் பாக்க விடல பாத்துக்கிடுங்க, இந்தக் கவர்மெண்டு. அதத்தான் நான் சாகுத வரைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பேன். கேக்கவங்க கிட்டயும் சொல்லுவேன், கேக்காதவங்க கிட்டயும் சொல்லுவேன். வீட்டுக்காரி, 'இன்னும் எத்தன நாளைக்கு இதையே சொல்லுவீக'ம்பா. அவளுக்கென்ன, அவளுக்கு அவ அக்காவா செத்துப்போனா?

கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். சாத்தூர் விருதுநகர் மாவட்டம். நடுவுல அர மணி நேர ஓட்டம். ரோட்டோரத்துல ஒரு போர்டு நிக்கும், 'நன்றி, மீண்டும் வருக'ன்னு. கொஞ்சம் தள்ளுனா இன்னொரு போர்டு வரவேற்கும். எவன் சார் அத நிமிந்து பாத்தான்? ஆடு மேயுத எடம். கொரோனா வந்து மாவட்டத்தையெல்லாம் கூறு போட்டு மண்டலம் மண்டலமாப் பிரிச்சாக பாருங்க, எங்களுக்கு ஒரு மண்டலம், சாத்தூருக்கு வேற மண்டலம். அந்த ஆடு மேயுத எடத்துல இரும்புத் தடுப்பு வந்துச்சு. போலீசு பந்தல் போட்டு உக்காந்துச்சு. இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கம் போவணும்னா இ-பாஸ்.

மொதல்ல பஸ்ஸே கெடயாது. டெப்போவுல வண்டியெல்லாம் வரிசையா நின்னு, டயருக்கடியில புல்லு மொளச்சுப் போச்சு. நான் அந்த மே மாசம் ரிடையராக வேண்டியவன். கவர்மெண்டு வயச ஒரு வருசம் கூட்டிட்டாக. கூட வேல பாத்தவனுகளுக்குச் சந்தோசம். நான் வீட்டுல உக்காந்து ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஓடிக்கிட்டே இருந்தவன் சார் நானு. உக்கார வச்சா பைத்தியம் புடிச்சுரும் போல இருந்துச்சு.

அப்பத்தான் அக்கா போன் பண்ண ஆரம்பிச்சா.

ஆரம்பிச்சான்னா, அதுக்கு முன்ன எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அது ஒரு கத. அக்காவுக்கு ஒத்தப் பொம்பளப்புள்ள, ஜெயசுதா. அவ கல்யாணத்துக்கு நான் தாய்மாமன். தாய்மாமன் மால போட்டுத்தான பொண்ண மேடைக்குக் கூட்டிட்டு வரணும்? நான் முந்துன நாளு வண்டியோட லைன்ல இருக்கேன். லீவு கேட்டா ஆள் இல்லன்னுட்டாக. காலையில வண்டிய விட்டுட்டு, குளிச்சு, சீலையும் மாலையும் வாங்கிக்கிட்டு வீட்டுக்காரியோட மண்டபத்துக்குள்ள நொழையுதேன், பொண்ணு கழுத்துல மால கெடக்கு சார். எங்க சித்தப்பா மவன் ஒருத்தன் என் எடத்துல நின்னு போட்டுட்டான். கேட்டா, முகூர்த்தம் முடியப் போகுதுன்னு அய்யரு சத்தம் போட்டாருங்காரு எங்க மச்சான், அக்கா வீட்டுக்காரரு.

கொஞ்ச நேரம் பொறுத்தா என்ன சார்? தாய்மாமன் வாரான்னு தெரியும்ல? வராமயா போயிருவான்? நான் பந்தியில கூட உக்காரல. வாங்கிட்டு வந்த மாலைய மண்டப வாசல்லயே வச்சுட்டுத் திரும்பிட்டேன். அக்கா பின்னாலயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தா. பட்டுச்சேல கட்டி, கால்ல செருப்பு இல்லாம, 'தம்பி, தம்பி'ன்னுக்கிட்டு. நான் ஏறிட்டேன், பஸ் எடுத்துட்டான். என்ன செய்ய?

அதுக்கப்புறம் மொறையா வந்து கூப்புட வேண்டியது அவதான? வரலன்னு சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ரெண்டு தரம் வந்தா, அப்ப நான் டூட்டியில இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கும் வருவா. சாத்தூர்ல வண்டி டீக்கு நிக்கும்ல, அந்நேரம் பாத்து வெள்ளரிப்பிஞ்சு பையோட வந்து பூக்கட ஓரமா நிப்பா. கூட்டத்துல நான் டிக்கெட்டப் பாப்பனா, அவளப் பாப்பனா? டிரைவர் கிட்டக் குடுத்துட்டுப் போயிருவா. அவன் தின்னுக்கிட்டே, 'கொம்பையா, ஒங்கக்கா குடுத்த பிஞ்சு தேனா இருக்கு, ஒன்னு கடிச்சுப் பாரு'ம்பான். நீயே தின்னுன்னுருவேன். அப்புறம் முட்டுவலி வந்துச்சு போல, வரதில்ல. கண்டக்டர் பொழப்பு அப்படி சார். வண்டி நிக்கிற நேரத்துல எறங்கிப் போயி ஒறவு கொண்டாட முடியுமா?

எங்க விட்டேன்? ஆங், போனு. கொரோனா வந்ததும் அக்கா பயந்துட்டா போல. டிவியில தெனம் சாயங்காலம் மாவட்ட வாரியாக் கணக்குச் சொல்லுவாகல்ல, இன்னைக்கு இத்தன பேருக்கு வந்துருச்சு, இத்தன பேரு வீட்டுக்குப் போயிட்டாகன்னு. அது முடிஞ்சதும் போன் வரும். 'தம்பி, தூத்துக்குடியில கூடிருச்சாம்ல, நீ வெளிய போகாத.' 'கபசுரக் குடிநீர் குடுக்காகளே, வாங்கிக் குடிச்சியா? கசக்குன்னு கீழ ஊத்திராத.' 'ரேசன் கடையில கூட்டத்துல நிக்காத, வரச்சொன்ன நாள்ல போ.' இப்படியேதான். நான் 'ம்'பேன். வேற என்ன பேச? அப்புறம் வீட்டுக்காரி போன வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவா. ரெண்டு பேரும் சிரிக்கது இங்கன கேக்கும்.

ஜூன் மாசம் பஸ் விட்டாக. சீட்டுக்கு ஒரு ஆளு. மண்டலத்துக்குள்ள மட்டும் ஓடணும். கோவில்பட்டியில எடுத்தா எல்லை வரைக்கும் போவோம், அங்கன திருப்பி நிறுத்திருவோம். சாத்தூர்ப் பக்கத்து வண்டி அவுக எல்லையில வந்து திரும்பி நிக்கும். நடுவுல தடுப்பு. சனங்க எங்க வண்டிய விட்டு எறங்கி, மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு, புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, அந்த வெயில்ல நடந்து போயி அடுத்த வண்டியப் புடிக்கப் பாக்கும். போலீசு சில நேரம் விடும், சில நேரம் பாஸ் எங்கன்னு வெரட்டும். வெரட்டுனா அதே மூட்டையோட திரும்பி வந்து எங்க வண்டியிலயே ஏறும். நான் படியில நின்னு கத்துவேன், 'எல்லை வரைக்கும்தான் பஸ், எல்லை வரைக்கும்தான் பஸ்'னு. என் சர்வீஸ்ல ஊரு பேரு இல்லாத எடத்துக்கு டிக்கெட் கிழிச்சது அந்த மாசந்தான்.

இந்தா, வெளிய பாருங்க சார். இந்த எடந்தான். அந்த வேலிக்கருவ நிக்குல்ல, அதுக்கு முன்னாடிதான் பந்தல் போட்டிருந்தாக. இப்ப ஒன்னுமில்ல பாத்தீங்களா? தடுப்பு இல்ல, பாஸ் இல்ல. வண்டி ஒரு குலுங்கு கூடக் குலுங்காமத் தாண்டிருச்சு.

இங்கதான் அக்கா வந்தா. போன்ல சொன்னா, 'தம்பி, நீ எல்ல வரைக்கும் வண்டியில வாரியாமே. நான் இந்தப் பக்கத்து வண்டியில வாரேன். தூரத்துல நின்னு ஒன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்.' சர்க்கர இருக்கவ, முட்டுவலிக்காரி, ஒனக்கு எதுக்கு இந்த வேலன்னேன். கேக்கல. வந்துட்டா.

எனக்கு மொதல்ல அடையாளமே தெரியல சார். மாஸ்க்கு போட்டு, முந்தானையத் தலைக்குப் போட்டு, தடுப்புக் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கா. எளைச்சுப் போயிருந்தா. தலையெல்லாம் வெள்ள. எங்கக்கா தலமுடி எப்படி இருக்கும் தெரியுமா? பின்னல எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் தண்ணிக்குப் போவா. யாரோ கெழவி நிக்கான்னுதான் நெனச்சேன். 'தம்பி'ன்னு சத்தம் வந்தப்பறந்தான் தெரிஞ்சுச்சு.

போலீசுக்காரர் ஒருத்தர், நல்ல மனுசன், 'யோவ் கண்டக்டரு, ஒங்கக்காவாமே, எறங்கி வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போய்யா, தள்ளி நின்னுக்க'ன்னாரு. நான் படியில நிக்கேன். டூட்டியில வண்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு சார். அதுவும் கொரோனா நேரம். செக்கிங் வந்தா யாரு பதில் சொல்லுவா? டிக்கெட் கட்ட எடுத்து நம்பரப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ என்னமோ சொன்னா. காத்துல கேக்கல. மறுபடியும் சொன்னா. கையத் தூக்கி, 'சரி, சரி, போ, வெயில்ல நிக்காத'ன்னுட்டு விசில ஊதிட்டேன்.

வண்டி திரும்பும்போது பின் கண்ணாடி வழியாப் பாத்தேன். அக்கா மாஸ்க்கக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்கா. அவ மொகம் எனக்குத் தெரியணும்லா, அதுக்கு. போலீசுக்காரர் ஓடி வந்து, 'ஏம்மா, மாஸ்க்கப் போடும்மா'ங்காரு. அவ போடல. வண்டி மறையுத வரைக்கும் அப்படியே நின்னா.

அவ கொண்டு வந்த பைய அந்தப் போலீசுக்காரர் வாங்கி வச்சிருந்து அடுத்த டிரிப்புல குடுத்தாரு. காராச்சேவு. வீட்டுக்காரி பைய வெயில்ல காய வச்சுத்தான் உள்ளயே எடுத்தா.

அந்தக் கூட்டத்துல வந்ததுனாலதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னு நீங்க நெனச்சுராதீங்க. அது இல்ல. அதுக்கும் அவளுக்குக் காய்ச்சல் வந்ததுக்கும் நடுவுல நெறைய நாளு இருக்கு. நான் டாக்டர் கிட்டயே கேட்டுட்டேன். ஒருத்தருக்கு ரெண்டு பேர் கிட்டக் கேட்டேன். அவ்வளவு நாளெல்லாம் ஒடம்புல சும்மா இருக்காதாம்.

ஜூலையில மறுபடியும் பஸ்ஸ நிறுத்திட்டாக. தடுப்புல ஒரு ஈ காக்கா விடல. அப்பத்தான் ஜெயசுதா போன் பண்ணுனா. சிவகாசியில கட்டிக் குடுத்திருக்கு அவள. என் நம்பர் அவகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. 'மாமா, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாசிட்டிவ். ஆம்புலன்சு வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. தெருவ அடைச்சுட்டாக. அப்பா பரவால்ல, அம்மாவுக்குத்தான் மூச்சுத் தெணறுது'ன்னா. அழல. செய்தி வாசிக்க மாதிரிச் சொன்னா. அழுதுருந்தாத் தாங்கிக்கிட்டிருப்பேன்.

ஒடனே பாஸ் போட்டோம் சார். என் மவன் செல்லுல போட்டான். எதுக்குப் போறீகன்னு கேக்கும் அதுல. கல்யாணம், சாவு, வைத்தியம். வைத்தியம்னு அமுக்குனான். ரிஜெக்ட்டு. வைத்தியம்னா வைத்தியத்துக்குப் போறவன் சீக்காளியா இருக்கணுமாம். மறுபடி போட்டான், அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, பாக்கப் போகணும்னு எழுதி. ரிஜெக்ட்டு. கலெக்டர் ஆபீசு உதவி நம்பருக்குப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. பொறுமையாத்தான் பேசுச்சு. 'அய்யா, கொரோனா வார்டுக்குள்ள யாரையும் விட மாட்டாங்க. நீங்க போயும் பாக்க முடியாது. அதனாலதான் பாஸ் தரமாட்டாங்க'ன்னுச்சு. 'உள்ள விட வேண்டாம்மா, நான் வாசல்ல நின்னுக்கிடுதேன், நான் வந்திருக்கேன்னு அவளுக்குச் சொன்னாப் போதும்'னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, 'அப்படி ஒரு காரணம் இதுல இல்லய்யா'ன்னுச்சு.

தடுப்புக்கே போயிப் பாத்தேன், சைக்கிள எடுத்துக்கிட்டு. யூனிபாரம் போட்டுக்கிட்டுப் போனா விடுவாகன்னு நெனச்சேன். அந்த நல்ல போலீசுக்காரர் இல்ல, வேற ஆளு. 'கவர்மெண்டு ஊழியரா இருந்துக்கிட்டு நீங்களே ரூல மீறலாமா'ன்னாரு. திரும்பிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில போயிட்டா.

மவன் மறுபடி செல்ல எடுத்தான். இந்தத் தடவ சாவுன்னு போட்டான். ஜெயசுதா ஆஸ்பத்திரிச் சீட்டப் போட்டோ எடுத்து அனுப்புனா. நான் சட்டைய மாட்டி முடிக்கதுக்குள்ள பாஸ் வந்துருச்சு சார். பச்சக் கலர்ல, கோபுரம் போட்டு. உசுரோட இருக்கவளப் பாக்கன்னா காரணம் இல்ல. செத்தா ஒடனே காரணம் வந்துருது. நீங்களே சொல்லுங்க, இது என்ன ஞாயம்?

பெறந்த வீட்டுக் கோடி தம்பிதான போடணும்? சுமங்கலியாப் போனவ, நல்ல அரக்குச் சேலையா இருக்கணும். ஞாயித்துக்கெழமைன்னா அப்ப முழு ஊரடங்கு, ஒரு கட கெடயாது. ஜவுளிக்கட மொதலாளி வீட்டுக் கதவத் தட்டுனேன். ஜன்னலத் தொறந்து, யாருய்யா, போ போங்காரு. 'மொதலாளி, எங்கக்காவுக்குக் கோடி எடுக்கணும்'னேன். சட்ட கூட மாட்டாம சாவிய எடுத்துட்டு வந்தாரு மனுசன். ஷட்டரப் பாதி தூக்கி, செல்லு வெளிச்சத்துல நாலு சேலைய எடுத்துப் போட்டாரு. எதப் பாத்தாலும் எனக்கு ஒன்னாத்தான் தெரிஞ்சுச்சு. அவரேதான் பாத்து எடுத்துக் குடுத்தாரு.

தெருக்காரர் ஒருத்தரு கார எடுத்தாரு. தடுப்புல பாஸக் காட்டுனோம். நெத்தியில மிசினக் காட்டிப் பாத்தாக. மூக்குல குச்சி விட்டு எடுத்தாதான் விடுவோம்னு நிறுத்தி வச்சுட்டாக, முன்னாடி பெரிய வரிச. ஜெயசுதா போன் மேல போன். 'மாமா எங்க இருக்கீக? இவுக எடுத்துருவோம்ங்காக மாமா. அடுத்து ஆளு காத்துக்கிட்டு இருக்காம்.' 'வந்துட்டேன்னு சொல்லு, வந்துட்டேன்னு சொல்லு'ன்னேன். அந்தப் புள்ள சுகாதாரத்துறை ஆளுக கால்ல விழாத கொறையாக் கெஞ்சி நிறுத்தி வச்சிருந்துச்சாம். 'எங்க மாமா கோடி கொண்டு வாராக, அவுக வந்தப்பறந்தான் எடுக்கணும்'னு வண்டிக்கு முன்னால போயி நின்னுருக்கு. அவ புருசன் பெறகு எங்கிட்டச் சொன்னாரு.

நான் போயி எறங்குதேன். சுடுகாட்டு வாசல்ல ஜெயசுதாவும் அவ புருசனும் மட்டுந்தான். மச்சான் ஆஸ்பத்திரியில, அவருக்கு இன்னும் சொல்லல. எங்கக்கா போனா ஊரே தெரண்டு வந்திருக்கணும் சார். தெருவுல ஒருத்தருக்குப் பிரசவம்னா அவதான் நிப்பா, ஒரு வீட்டுல சாவு, கேதம்னா அவதான் நிப்பா. அவளுக்கு நாங்க மூணு பேரு. வண்டிக்குள்ள பையில சுத்தி, ஜிப்பு போட்டு வச்சிருக்காக. மொகம் இல்ல. கால் எது தல எதுன்னு தெரியல. தலமாடு எதுன்னு நான் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

'அய்யா, தொறக்கச் சொல்லாதீங்க, தொறக்க முடியாது'ன்னாரு ஒருத்தரு. ஒடம்பு முழுக்க வெள்ளக் கவுனு, கண்ணு மட்டுந்தான் தெரியுது. 'தொறக்க வேண்டாம் சாமி, இத மேல போட்டா மட்டும் போதும்'னு சேலைய நீட்டுனேன். அவரு கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் கையுறை போட்ட கையில வாங்குனாரு. சும்மா வீசல சார், அதச் சொல்லணும். மடிப்ப விரிச்சு, நான் சொன்ன பக்கமா, தலையிலருந்து கால் வரைக்கும் சீராப் போட்டாரு. ஓரத்த இழுத்து விட்டாரு. அடுத்து இன்னொருத்தரு வந்து அதுக்கு மேல மருந்து அடிச்சாரு. புதுச் சேல, ஒரே நிமிசத்துல நனஞ்சு பையோட ஒட்டிக்கிச்சு. ஒட்டுனதுல ஒடம்பு தெரிஞ்சுச்சு. அப்பத்தான் சார் எனக்கு, அக்கா இதுக்குள்ளதான் இருக்கான்னு தெரிஞ்சுச்சு.

உள்ள கொண்டு போயிட்டாக. எங்கள வேப்பமரத்துக்கிட்டயே நிக்கச் சொல்லிட்டாக. நான் வாய் விட்டு அழுதுட்டேன். 'பாவிக பாக்க விடலையே, ஒரு பாஸக் குடுக்கலையே, எங்கக்காவப் பாக்க விடாமக் கொன்னுட்டாகளே'ன்னு. கவர்மெண்டு, கலெக்டரு, போலீசு, எல்லாரையும் ஏசுனேன். எம்புட்டு நேரம் ஏசுனேன்னு தெரியல. ஜெயசுதா கேட்டுக்கிட்டே நின்னா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

'கொரோனாவுக்கு முன்னால யாரும் பாஸ் கேக்கலையே மாமா.'

அந்த எடத்துல பேசுத பேச்சா சார் அது? தாய்மாமன் நெஞ்சு வெடிச்சு அழுதுக்கிட்டு நிக்கான், அவன்கிட்ட. கோவமாச் சொல்லியிருந்தாலும் பரவால்ல, நாலு வார்த்த நானும் பேசியிருப்பேன். கோவமே இல்லாமச் சொன்னா. அவ அம்மா மாதிரியே குரலு. சொல்லிட்டு, 'தண்ணி குடிங்க'ன்னு பாட்டில நீட்டுனா. நான் வாங்கல. கார்ல ஏறிட்டேன்.

அக்கா வீட்டுக்கும் போக முடியல. தெருவுக்குக் குறுக்க தகரம் அடிச்சு வச்சிருந்தாக. நேரா கோவில்பட்டி. எங்க வீட்டுக் கதவுலயும் ஸ்டிக்கர் ஒட்டிட்டாக, தனிமைப்படுத்தப்பட்ட வீடுன்னு. எதுத்த வீட்டுக்காரி கோலம் போடக் கூட வெளிய வரல. நான் மாடி ரூம்புல தனியாக் கெடந்தேன். கீழருந்து டிவி சத்தம் கேக்கும். கவர்மெண்டு தெனம் விடுத அறிக்க இருக்குல்லா, அத மவன் செல்லுல எடுத்து எனக்கு அனுப்புனான். அதுல செத்தவுகள ஒவ்வொருத்தராப் போட்டிருக்கு. பேரு கெடயாது. வயசு, ஆணா பொண்ணா, எந்த மாவட்டம், என்ன நோயி இருந்துச்சு. விருதுநகர் மாவட்டத்தச் சேர்ந்த பெண், சர்க்கரை நோய் இருந்ததுன்னு ஒரு வரி. வயசு சரியா இருந்துச்சு. அக்காதான். அந்த ஒரு வரிய நான் எத்தன தடவ படிச்சேன்னு தெரியல. வேலுத்தாய்னு ஒரு வார்த்த போட்டா என்ன கொறஞ்சு போயிரும் சார்? மேல ஒரு வரி, கீழ ஒரு வரி. அவுகளும் யாருக்கோ அக்காவாத்தான் இருந்திருப்பாக.

அக்கா அன்னைக்கு என்ன சொன்னான்னுதான் எனக்கு இன்னும் தெரியல. எல்லையில, ரெண்டு தடவ சொன்னாளே. சேவ வாங்கிக்கன்னு சொன்னாளோ, வீட்டுக்கு வான்னு சொன்னாளோ. வீட்டுக்காரி சொல்லுதா, 'சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாக, வேற என்னத்தக் கேக்கப் போறாக'ன்னு. இருக்கலாம். காத்து மட்டும் அன்னைக்கு அப்படி அடிக்காம இருந்திருந்தா கேட்டிருக்கும்.

இப்ப எதுக்குப் போறேன்னு கேக்கீங்களா? முந்தாநாளு ஜெயசுதா போன் பண்ணுனா. அவ அப்பாவ சிவகாசிக்கே கூட்டிட்டுப் போயிட்டாளாம், சாத்தூர் வீட்ட வித்தாச்சாம். 'சாவி குடுக்கப் போறோம் மாமா, ஒரு தடவ வந்து அம்மா இருந்த வீட்டப் பாத்துட்டுப் போங்க'ன்னா. போன்லதான். சிவகாசி என்ன சீமையிலயா இருக்கு? ஒரு எட்டு நேர்ல வந்து கூப்புடக் கூடாதா? சரி, சின்னப்புள்ள. பெரியவுக நாமதான் பொறுத்துப் போகணும்னு கெளம்பிட்டேன். வீட்டுக்காரி நானும் வாரேன்னா. வேண்டாம்னுட்டேன்.

இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. மெதுவா எறங்குங்க, அவன் நிக்கதுக்குள்ள விசில் ஊதிருவான். பைய எடுத்துக்கிட்டீங்களா?

சார், ஒரு நிமிசம். நீங்க உள்ளூர்க்காரர்ங்கறதால கேக்கேன். ஆத்துப் பாலம் பக்கம், தண்ணி டேங்குக்குப் பின்னாடித் தெருன்னு ஜெயசுதா சொன்னா. வாசல்ல முருங்க மரம் நிக்குமாம். இந்தப் பக்கமாப் போகணுமா, அந்தப் பக்கமாவா?

இல்ல சார், போனதில்ல. அக்கா வீடுதான்.